பூட்டிய வீடுகளும் உப்பாகும் கிணறுகளும்

யாழ்ப்பாணத் தீவகத்திலும் வடமராட்சிக் கரையோரத்திலும் சுவிஸ் காசில் எழும்பிக்கொண்டிருக்கும் விடுமுறை வீடுகள் பல அந்த மண்ணுக்கு ஒவ்வாதவை. பக்கத்து வளவில் குடியிருப்பவருக்குக் கேடு செய்பவை. கட்டியவரின் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கவும் வலுவில்லாதவை. இதை இனியும் மென்று விழுங்கிக்கொண்டிருக்க முடியாது. ஊர்ப்பற்று என்றும் உழைப்பின் அடையாளம் என்றும் மேடைகளில் எவ்வளவு புகழ்ந்தாலும், கடலைப் பார்த்து நிற்கும் மூன்று மாடி கொங்கிறீற்று வீடு ஒன்று ஊர்க் கிணற்றை உப்பாக்குகிறதென்றால் அது ஊருக்குச் செய்த தீங்குதான். அதைக் கட்டியவர்கள் வேற்றார் இல்லை. சூரிச்சிலும் பேர்ணிலும் லுசேர்ணிலும் பாசலிலும் கோயில் திருவிழாவில் நம்மோடு தேர் இழுப்பவர்கள். நம் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளிக்கே தம் பிள்ளைகளையும் அனுப்புபவர்கள். ஆகவே இந்தக் கண்டனத்தை முதுகுக்குப் பின்னால் பேசாமல் முகத்துக்கு நேரே வைக்கிறோம்.

அந்தக் காசு எப்படி வந்தது என்பது நமக்குத் தெரியும். 1980களில் கையில் ஒரு பையோடு அகதியாக வந்து இறங்கியவர்கள் உணவகத்தின் பின்கட்டில் சட்டி கழுவினார்கள். வைத்தியசாலையின் நீண்ட தாழ்வாரங்களை இரவில் துடைத்தார்கள். மூட்டுத் தேய்மானமும் முதுகுவலியும் கொடுத்துச் சேர்த்த காசு அது. அதில் ஒரு சதத்தையும் நாம் குறைத்து மதிக்கவில்லை. அப்படிச் சேர்த்த காசை உப்புக்காற்றுக்கு இரையாகக் கொடுப்பதையும், அதே காசால் அயலவரின் குடிநீரைக் கெடுப்பதையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் அந்த உழைப்புக்குச் செய்யும் அவமதிப்பு.

நாம் வாழும் இந்த நாட்டில் ஒரு வீடு எப்படி எழும்புகிறது என்பதை முப்பது, நாற்பது வருடங்களாகப் பார்த்துவருகிறோம். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே, வரப்போகும் கட்டடத்தின் மூலைகளில் உயரத் தடிகள் நட வேண்டும். கூரை எந்த உயரத்தில் எந்தச் சரிவில் வரும் என்பதையும் அந்தத் தடிகளின் உச்சியில் காட்டிவைக்க வேண்டும். தெருவால் போகிற எவரும் அண்ணாந்து பார்க்கலாம். வரைபடம் கெமைண்டே எனப்படும் உள்ளூராட்சி அலுவலகத்தில் பொதுப்பார்வைக்குக் கிடக்கும். அயலவருக்கு ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். மலைக்கிராமங்களில் பனிச்சரிவும் வெள்ளமும் மண்சரிவும் எங்கெங்கே வரக்கூடும் என்று ஆபத்து வரைபடம் தீட்டியிருக்கிறார்கள். அதில் சிவப்பு நிறம் விழுந்த இடத்தில், காணி உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும், புது வீடு எழுப்ப முடியாது. ஏரிக்கரையும் ஆற்றங்கரையும் திறந்த வெளியாக இருக்க வேண்டும், மக்கள் அங்கே போய்வர வழி எளிதாக்கப்பட வேண்டும் என்பது 1979 ஆம் ஆண்டின் நிலத் திட்டமிடல் சட்டத்தில் எழுதிவைக்கப்பட்ட கொள்கை.

விடுமுறை வீட்டுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 2012 மார்ச் 11 ஆம் திகதி இந்த நாட்டு மக்கள் வாக்களித்து, எந்தக் கெமைண்டேயிலும் இரண்டாம் வீடுகள் 20 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். சுற்றுச்சூழல் போராளி ஃபிரான்ஸ் வேபர் முன்னெடுத்த அந்த யோசனை 50.6 வீத ஆதரவோடு மயிரிழையில் வென்றது. 2016 ஜனவரி 1 முதல் தனிச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. வருடத்தில் சில வாரங்கள் மட்டும் விளக்கெரியும் வீடுகள் வலே, கிறவ்பூண்டன் பள்ளத்தாக்குகளை நிறைத்துவிட்டன, மலைச்சரிவு கெட்டது, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் குடியிருக்க இடமில்லை என்பதே அன்று வைக்கப்பட்ட வாதம். வெளிநாட்டில் வாழ்பவர் இங்கே விடுமுறை வீடு வாங்குவதானால் லெக்ஸ் கொல்லர் என்று அழைக்கப்படும் 1983 ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். நாடு முழுவதற்கும் வருடத்துக்கு 1,500 அனுமதிகள்தான். வீட்டின் பரப்பும் பொதுவாக 200 சதுர மீட்டருக்குள் அடங்க வேண்டும். இவை எல்லாவற்றையும் நாம் முறையாக ஏற்று நடக்கிறோம். வேலியோரம் ஒரு செடி நடுவதென்றாலும் எவ்வளவு உயரம் வளரலாம் என்று விசாரித்துவிட்டுத்தான் நடுகிறோம். அதே நாம் ஊர்க் காணியில் கால் வைத்ததும் எந்த அளவும் எந்த அயலும் நினைவில்லாதவர்களாக மாறுவது ஏன்?

வேலணையைத் தாண்டி வாணர் தாம்போதியில் ஏறினால் இரண்டு பக்கமும் கடல். காற்றைத் தடுக்க ஒரு மேடும் இல்லை. அதைக் கடந்து தீவுக்குள் இறங்கியவர்கள் நாம் சொல்லும் வகை வீட்டைக் கண்டிருப்பார்கள். சுற்றிவர எட்டடி மதில். கீல் இறுகிப்போன பெரிய இரும்புக் கேற், அதன் அடிப்பாகத்தில் வர்ணம் பொக்களம் பொக்களமாக எழும்பி, உள்ளே செம்மண் நிறத்தில் துரு. வீட்டின் மேற்குப் பக்கம், கடலைப் பார்த்து, நிலத்திலிருந்து முகடு வரை கண்ணாடி. அதில் உப்புப் படிந்து பால் நிறமாகிவிட்டது. மேல்மாடத் தட்டின் அடிப்பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கொங்கிறீற்று பெயர்ந்து விழுந்து கம்பி தெரிகிறது. வளவு முழுவதும் சீமெந்துக் கல் பதித்து ஒரு புல்லும் முளைக்காமல் செய்திருக்கிறார்கள். மூலையில் குழாய்க்கிணறு, கூரையில் இரண்டு கறுப்புத் தண்ணீர்த் தாங்கிகள். ஏழு அறைகளுக்கும் பூட்டு. ஒரு வயதான உறவினர் மட்டும் பின்விறாந்தையில் பாய் விரித்துக் காவல் படுக்கிறார். எந்த ஒருவரின் வீட்டையும் சுட்டி இதை எழுதவில்லை. நயினாதீவுப் படகு ஏறும் குறிகட்டுவான் வரையிலும், காரைநகரிலும், பருத்தித்துறைக்குக் கிழக்கேயும் இதே குறைகள் வீட்டுக்கு வீடு திரும்ப வருகின்றன. ஒருவரைப் பார்த்து ஒருவர் அதே வரைபடத்தைக் கொடுத்துக் கட்டுவதால் வரும் வினை இது.

காற்றை எடுத்துக்கொள்வோம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை அங்கே சோளகம் அடிக்கும். தென்மேற்கிலிருந்து கடலைத் தழுவி, உப்புத் தூவலையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும் காற்று அது. சுவிஸ் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடுவதும், நாம் குடும்பத்தோடு ஊருக்குப் போவதும், நல்லூரில் கொடியேறுவதும் சரியாக அந்தக் காலத்தில்தான். அதாவது, கடல் பார்க்கவென்று மேற்கே திறந்து வைத்த அந்தக் கண்ணாடி முகப்பை, வீட்டுக்காரர் வீட்டில் இருக்கும் அந்தச் சில வாரங்களிலேயே திறக்க முடியாது. பின்னேர வெயில் நேரே உள்ளே விழுந்து கூடம் கொதிக்கும். திறந்தால் மேசையில் மண். கடைசியில் கண்ணாடிக்குத் தடித்த திரை போட்டு, உள்ளே குளிரூட்டி ஓடவிட்டு இருக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் வாடையோடு மழை சரிந்து அடிக்கும்போது வீட்டில் எவரும் இல்லை. சன்னல் இடுக்கால் நீர் இறங்கிச் சுவர் பூஞ்சணம் பிடித்து, அடுத்த கோடையில் வந்து திரும்பவும் வர்ணம் பூசுகிறார்கள்.

இந்தக் காற்றோடு எப்படி வாழ்வது என்பதை நம் பாட்டன்மார் நன்றாக அறிந்திருந்தார்கள். நெடுந்தீவில் இன்றும் நிற்கும் கல்வேலிகளைப் பாருங்கள். முருகைக்கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் விரல் நுழையும். காற்று அந்த இடுக்குகளால் வடிந்து, வேகம் தணிந்து உள்ளே வரும். கிடுகு வேலியும் பனையோலை வேலியும் கிளுவை வேலியும் செய்தது அதே வேலையைத்தான். இறுக்கமான மதில் அப்படிச் செய்யாது. அதில் மோதும் காற்று மேலே தாவி, மறுபக்கத்தில் சுழன்று விழும். மதிலை ஒட்டிய வாழையும் முருங்கையும் முறிவது அதனால்தான். இடைவெளியுள்ள வேலி தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றைத் தணிக்க வல்லது என்பதை இன்றைய வேளாண்மை அறிவியலும் சொல்கிறது. மதிலால் வரும் இன்னொரு கேட்டையும் சொல்ல வேண்டும். மழைவெள்ளம் ஒழுங்கையால் ஓடிக் குளத்துக்கோ கடலுக்கோ போகும் பழைய வழியை அது அடைத்துவிடுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டிய மழையில் குடாநாடு மிதந்ததை நேரில் கண்டவர்களுக்கு, ஒரு மதில் யாருடைய வீட்டுக்குள் தண்ணீரைத் திருப்பிவிடும் என்று விளக்க வேண்டியதில்லை.

உப்பு அடுத்தது. கடலோரக் காற்றில் உள்ள உப்பு கொங்கிறீற்றின் நுண்துளைகளால் உள்ளே இறங்கி, கம்பியைத் தொட்டதும் துருவேறத் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிக்கும். உள்ளிருந்து அது நெம்பும்போது கொங்கிறீற்று வெடித்து உதிர்கிறது. இதைத் தள்ளிப்போட வழி உண்டு. கம்பிக்கு மேலே இரண்டு அங்குலத் தடிப்பில் கொங்கிறீற்று மூடவேண்டும். கலவை செறிவாக இருக்கவேண்டும். மணலில் உப்பு இருக்கவே கூடாது. ஆனால் நகரத்தில் கட்டும் அதே அளவில் ஓர் அங்குலம் மூடி, உப்புக் கலந்த மணலில் தட்டுப் போட்டு, அதைக் கடலை நோக்கி ஆறடி நீட்டி மாடம் என்கிறார்கள். மேசனைக் குறை சொல்லிப் பயனில்லை. கைத்தொலைபேசியில் ஒரு படத்தை அனுப்பி, ‘இதே மாதிரி, சித்திரைக்குள் முடி’ என்று சூரிச்சிலிருந்து சொன்னவர்தான் பொறுப்பு.

எல்லாவற்றிலும் பெரிய கேடு தண்ணீரில் நடக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தவை. மாரியில் பெய்யும் மழை அந்தக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நன்னீர் இலேசு, உவர்நீர் கனதி என்ற ஒன்றுதான் இரண்டையும் பிரித்துவைத்திருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் நூறு வருடங்களுக்கு மேலாக அறிந்த கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடியை இறைத்துத் தாழ்த்தினால் கீழேயிருந்து உவர்நீர் நாளடைவில் 40 அடி எழும்பும். துலாவால் இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே ஓர் எல்லையாக இருந்தது. இன்று ஒரு விசையை அழுத்திவிட்டு மணிக்கணக்கில் இறைக்கிறார்கள். ஆறு குளியலறை, நாள்தோறும் கழுவும் மாபிள் தரை, புல்தரைக்குத் தண்ணீர், சில வீடுகளில் நீச்சல் தொட்டி. வருடத்தில் மிக வறண்ட ஆடி, ஆவணி மாதங்களில், ஊரில் உள்ள கிணறுகளெல்லாம் அடி தெரிய நிற்கும்போதுதான் இத்தனையும் நடக்கிறது.

உவர் ஏறியபின் அந்தக் கிணறு ஒரே மழையில் மீளாது. வீட்டுக்காரர் ஆவணி முடிய விமானம் ஏறிவிடுவார். அதே நிலத்தடியிலிருந்து குடித்து, கத்தரியும் வெங்காயமும் வைத்து, இரண்டு மாடு வளர்க்கிற அயலவர் எங்கே போவார்? பவுசர் எப்போது வரும் என்று வெறும் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் பெண்கள் தீவகத்தில் இன்றும் இருக்கிறார்கள். தாளையடியில் பெருஞ்செலவில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைத்து 2024 இல் திறந்தார்கள் என்றால், நிலத்தடி நீர் எந்த நிலைக்கு வந்துவிட்டது என்பது புரிய வேண்டும். மலசலகூடக் குழியின் கதையும் இதுதான். அடிப்பக்கம் திறந்த குழியைச் சுண்ணாம்புக் கல்லில் வெட்டினால் கழிவுநீர் மண்ணில் வடிபட நேரமில்லாமல் வெடிப்புகளால் ஓடிக் கிணற்றை அடையும். வளவு முழுக்கச் சீமெந்துக் கல் பதித்தவர், இறங்க வேண்டிய மழைநீரையும் இறங்கவிடாமல் செய்துவிட்டார். மேலிருந்து வரவேண்டியது நின்றுபோக, கீழே இருப்பது இறைபட, பக்கவாட்டில் கழிவு சேர்கிறது. ஒரே வளவு, மூன்று கேடு.

மணலைப் பற்றியும் கேளுங்கள். மணற்காடு, அம்பன், நாகர்கோவில் பக்கத்து மணற்குன்றுகள் வடமராட்சி கிழக்கின் அரண். மழைநீரைச் சேமித்து வைப்பவையும் அவையே. குடாநாட்டின் கட்டட வேலைக்கென்று அவற்றைத் தோண்டித் தோண்டி உழவு இயந்திரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை உடுத்துறையையும் ஆழியவளையையும் செம்பியன்பற்றையும் என்ன செய்தது என்பதை நாம் மறந்திருக்க முடியாது; பெட்டி பெட்டியாக உடுப்பும் மருந்தும் சேர்த்து அனுப்பியவர்கள் நாம்தானே. அதற்கு அடுத்த வருடம் அரசு வடக்கு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் எவரும் வீடு கட்டக்கூடாது என்று அறிவித்தது, பின்னர் தளர்த்தியது. அன்று வலையும் வள்ளமும் கடலோரத்தில் இருக்க, குடிசையை மட்டும் உள்ளே நகர்த்து என்று கடற்றொழிலாளரிடம் சொன்னார்கள். கடலை நம்பிப் பிழைப்பவருக்கு விதித்த தூரத்தை, கடலைப் பார்த்து மகிழ வருகிறவர் தனக்கு வேண்டாம் என்பது எந்த நியாயம்? தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல் வட இலங்கையையும் அடித்தது. அந்தக் கடல் அங்கேயேதான் இருக்கிறது.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்லத் தேவையில்லை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டட வேலைக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். முருகைக்கல் அகழ்வதை 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் தடைசெய்தது. பிரதேச சபையின் அனுமதி தனி. கட்டி முடித்தபின் யாரையாவது பிடித்துக் கடதாசி வாங்கலாம் என்று நம்மவர் சிலர் வெளிப்படையாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். வெட்கப்பட வேண்டிய பேச்சு அது. வின்ரத்தூரில் வாகனத் தரிப்பிடக் கொட்டகைக்கே அனுமதிக்கு எழுதிக் காத்திருக்கிறவர், வேலணையில் மாடி வீட்டை அனுமதியில்லாமல் எழுப்பலாம் என்று நினைப்பது, ஊரில் இருக்கிறவர்களைத் தனக்குக் கீழே வைத்துப் பார்ப்பதன்றி வேறில்லை.

‘எங்கள் காணி, எங்கள் காசு’ என்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு வலி இருக்கிறது. அதை நாம் அறிவோம். 1990களின் தொடக்கத்தில் தீவகம் வெறிச்சோடியது. கூரையில்லாத வீடுகளின் நடுவே ஆலமரம் முளைத்தது. முப்பது வருடம் கழித்துத் திரும்பிப் போய்த் தன் வளவில் கல்லை நாட்டுகிறவரிடம் கட்டாதே என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை, நாமும் சொல்லவில்லை. கட்டுங்கள். ஆனால் போரின்போது போக வழியில்லாமலோ போக மனமில்லாமலோ அங்கேயே இருந்தவர்கள்தான் அந்தக் கிணறுகளைத் தூர்ந்துபோகாமல் காத்தார்கள். அவர்களின் தண்ணீரைக் கெடுத்துக்கொண்டு நாம் திரும்பிவிட்டோம் என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? கட்டட வேலையால் ஊரில் நாலு பேருக்குப் பிழைப்பு என்றும் சொல்கிறார்கள். சிறிய வீட்டுக்கும் அதே மேசனும் தச்சனும் வேண்டும். நல்ல வீட்டுக்குக் கைவேலை கூடுதலாகவே வேண்டும்.

கரையோரத்தில் நல்ல வீடு எப்படி இருக்கும் என்பதற்கு வெகுதூரம் தேட வேண்டாம். ஜெனீவா ஏரிக்கரையில், வெவே நகருக்குப் பக்கத்தில் கோர்சோ என்ற ஊர். லா ஷோ-து-ஃபோன் நகரில் பிறந்த கட்டடக் கலைஞர் லு கொர்பூசியே 1923-24 இல் தன் வயதான பெற்றோருக்கு அங்கே கட்டிய வீடு ஏறக்குறைய 60 சதுர மீட்டர்தான். ஒரே தளம். ஏரிப்பக்கம் 11 மீட்டர் நீளச் சன்னல். ஆனால் தோட்டத்தில் ஏரியை மறைத்துச் சுவர் எழுப்பி, அதில் சதுரமாக ஒரே ஒரு திறப்பு விட்டு, அதன் அருகே ஒரு மேசை போட்டார். எல்லாப் பக்கமும் எந்நேரமும் கண்ணில் அடிக்கும் காட்சி சலித்துவிடும் என்பது அவரது எண்ணம். உலகப் புகழ் பெற்ற அந்தக் கைகூட நீரோரத்தில் தவறியது. ஏரியின் மட்டம் ஏறி இறங்கியதில் வீட்டில் வெடிப்பு விழுந்தது; பின்னாளில் வெளிச்சுவருக்கு உலோகத் தகடு போர்த்த வேண்டியதாயிற்று. இருந்தும் அந்தச் சின்ன வீடு 2016 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். அங்கே ஆறு குளியலறை இல்லை.

இலங்கையிலேயே இன்னொன்று இருக்கிறது. தெற்கே மிரிசவில், திறந்த கடலைப் பார்க்கும் பாறைமேட்டில், ஜெஃப்ரி பாவா 1990களின் இறுதியில் வரைந்த விடுமுறை வீடு. மெல்லிய தூண்களில் நிற்கும் ஒரு கூரை, அதன் கீழ் சுவரில்லாத கூடம். காற்று அதன் ஊடாகப் போய்விடுகிறது, மோதுவதற்கு ஒன்றுமில்லை. படுக்கையறைகள் அந்தக் கூடத்துக்கும் கீழே நிலத்தோடு ஒடுங்கியிருக்கின்றன. வசதி படைத்த குடும்பத்தின் வீடுதான். ஆனால் அந்த மேட்டின் உருவத்தை அது மாற்றவில்லை.

நம் பழைய தீவக வீடுகளுக்கோ இந்தப் பாடம் தேவையே இருந்ததில்லை. தாழ்ந்து இறங்கிய நாற்புறச் சரிவுக் கூரை, அதைப் பிடித்துவைக்க வைரம் பாய்ந்த பனையின் வளையும் சிலாகையும், ஆழமான விறாந்தை, நடுவே முற்றம், தெருவோரத்தில் சங்கடப்படலை. முற்றத்தில் விழும் மழை அங்கேயே மண்ணில் இறங்கும். வெயில் சுவரைத் தொடாது. காற்றுப் பக்கத்தில் பனையும் பூவரசும் தாழையும் முன்னால் நின்று அடியை வாங்கும். அவற்றை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. முருகைக்கல்லைப் புதிதாக வெட்டவும் கூடாது. ஆனால் இடிந்து கிடக்கும் பழைய வீட்டுக் கல்லைச் சேர்த்து எடுக்கலாம். ஓட்டுக் கூரை போட்டு அதை இரும்புப் பட்டியால் வளையோடு கட்டலாம். கடற்கரையை விட்டுப் பின்தள்ளி, ஒரே தளத்தில், நூறு சதுர மீட்டருக்குள், வாடையும் சோளகமும் ஊடறுத்துப் போகிற மாதிரி ஒரு வீட்டை வரைய யாழ்ப்பாணத்தில் திறமான இளம் கட்டடக் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பவர்தான் இல்லை.

இனி நாம் கேட்பது. வரைபடம் இன்னும் கடதாசியில் இருப்பவர்கள் அதை நிறுத்திவைத்துத் திருத்துங்கள். கரையோர வலயத்துக்குள் அனுமதியில்லாமல் தொடங்கிய வேலையை இன்றே நிறுத்துங்கள். கல் நாட்டுவதற்கு முன், இங்கே செய்வதுபோல, காணியின் மூலைகளில் நாலு தடி நட்டுக் கூரையின் உயரத்தைக் காட்டி, இரண்டு பக்கத்து அயலவரையும் எதிர்வீட்டாரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். ஊரில் அதைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லாதிருக்கலாம். செய்வதைத் தடுக்கும் சட்டமும் இல்லை.

கட்டி முடித்தவர்களுக்கும் வேலை இருக்கிறது. வளவில் பதித்த சீமெந்துக் கல்லில் பாதியையாவது பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுங்கள். மதிலின் அடியில் வெள்ளம் போக வழி வெட்டுங்கள். கடற்பக்க மதிலை இறக்கிவிட்டு உயிர்வேலி வையுங்கள். கூரை நீரைப் பிடிக்க நிலத்தில் ஒரு தொட்டி கட்டுங்கள். குழாய்க்கிணற்றை மூடிவிட்டுத் திறந்த கிணற்றில் அளவாக இறையுங்கள். மலசலகூடக் குழியை அடி மூடிய தொட்டியாக மாற்றுங்கள். ஒரு மாடத்துக்குக் கொடுத்த காசில் இவை பெரும்பாலும் முடிந்துவிடும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஆள் வையுங்கள். நகரத்திலிருந்து நாள்தோறும் பேருந்து ஏறித் தீவகத்துப் பள்ளிகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் வந்துபோகும் ஆசிரியர்களும் தாதியரும் இருக்கிறார்கள். நியாயமான வாடகைக்கு, இரண்டு அறையை நமக்கென்று ஒதுக்கிவைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால், வீடும் காற்றோட்டத்தோடு இருக்கும், பள்ளிக்கூடத்துக்கும் ஆள் கிடைக்கும்.

பிரதேச சபைகளும் கரையோரம் பேணல் திணைக்களமும் கரையோர வலயத்தில் கொடுக்கும் ஒவ்வொரு அனுமதியையும் தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், கட்டடத் தளத்திலும் அந்த இலக்கத்தை எழுதி வைக்கச் செய்ய வேண்டும். வெளிநாட்டுக் காசு என்பதற்காக எவருக்கும் ஒரு மீட்டரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சுவிஸில் இயங்கும் ஊர் ஒன்றியங்களிடம் நேரடியாகவே கேட்கிறோம். கோயில் கோபுரத்துக்கும் வரவேற்பு வளைவுக்கும் நிதி சேர்த்தது போதும். உங்கள் ஊரின் கிணறுகளில் உவர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வருடத்தில் இரண்டு முறை, மாரி முடிவிலும் ஆவணியிலும், அளந்து பார்த்துப் பகிரங்கமாக வெளியிடுங்கள். அதற்கு வேண்டியது ஒரு சிறிய கருவியும் இரண்டு உயர்தர வகுப்பு மாணவர்களும்தான். எந்த மூலையில் எந்தக் கிணறு எப்போது கெடத் தொடங்கியது என்பது அதன்பின் எவரும் மறுக்க முடியாத பதிவாகிவிடும்.

இந்தப் பத்திரிகையின் பக்கங்களிலும் ஊர்க் கடலோரக் காணி, வீடு விற்பனை, கட்டடக் குத்தகை விளம்பரங்கள் வருகின்றன. அடுத்த இதழிலிருந்து, கரையோர வலயத்துக்குள் அமையும் எந்தக் கட்டடத்துக்கும் திணைக்கள அனுமதி இலக்கமும் பிரதேச சபை அனுமதி இலக்கமும் இல்லாமல் வரும் விளம்பரத்தை ஏற்க மாட்டோம். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இலக்கத்தை அனுப்பிவைக்கலாம். இல்லையேல் பணத்தைத் திருப்பிப் பெற்றுக்கொள்ளலாம்.